மஞ்சள் கோடும் மௌனமும்: பிரவுசருக்கென்றே எழுதும் சிஎஸ்எஸ் வரிகளை விஎஸ் கோட் நடத்தும் விதம்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சிறிய அறையில் அமர்ந்து வலைத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்பவர், ஜவ்வரிசி ஆலை நடத்துபவர், ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்கு நடுவே நான்கைந்து அறைகளை வாடகைக்கு விடுபவர் என்று பலதரப்பட்டவர்கள் என்னிடம் வருகிறார்கள். கடைக் கணக்கரின் மேசையிலிருக்கும் கணினி ஒரு காலத்தது. சனி, ஞாயிறுக்கு மலையேற நினைக்கும் பெங்களூர்க் குடும்பத்தின் கையிலிருக்கும் ஐஃபோன் வேறொரு காலத்தது. இரண்டிலும் பக்கம் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்றால், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியின் தர ஆவணத்தில் இல்லாத, ஏதோ ஒரு பிரவுசருக்கு மட்டும் புரிகிற வரிகளை அவ்வப்போது எழுதித்தான் ஆக வேண்டும். அந்த வரிகளை, அவற்றைத் தட்டி எழுதும் மென்பொருளான எடிட்டர் எப்படி நடத்துகிறது என்பதை மட்டுமே இந்த மதிப்புரையில் எடுத்துக்கொள்கிறேன். நான் நாள்தோறும் திறந்து வைத்திருப்பது விஎஸ் கோட் என்ற எடிட்டர். அதன் வேகம், தீம், எக்ஸ்டென்ஷன் ஆகியவற்றைப் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. இந்த ஒரு மூலையைப் பற்றித் தமிழில் விரிவாக நான் படித்ததில்லை.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது பிடிபடாவிட்டால் எடிட்டர் போடும் கோடுகளின் பொருளும் பிடிபடாது. ஒரு வாக்கியம் இலக்கணப்படி சரியாக இருந்தும் அதிலுள்ள சொல் அகராதியில் இல்லாமல் போகலாம். சிறு கோட்டில் தொடங்கி, வெப்கிட் (சஃபாரி, க்ரோம்), மோஸ் (ஃபயர்ஃபாக்ஸ்), எம்எஸ் (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்), ஓ (ஓபரா) என்று பிரவுசர் தயாரிப்பாளரின் அடையாளத்தை முன்னொட்டாகத் தாங்கி வரும் பிராப்பர்ட்டிகள், அதாவது நிறம், உயரம் போன்ற தன்மைகளின் பெயர்கள், அப்படிப்பட்டவை. சிறு கோட்டிலோ அடிக்கோட்டிலோ தொடங்கும் பெயர்களைத் தயாரிப்பாளர்களின் சொந்தச் சேர்க்கைகளுக்கென்று சிஎஸ்எஸ் 2.1 ஆவணமே ஒதுக்கி வைத்திருப்பதால், அவை அகராதியில் இல்லாத சொற்களே தவிர இலக்கணப் பிழைகள் அல்ல. பிராப்பர்ட்டியின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரத்தை ஒட்டி, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7-க்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் மட்டும் ஒரு வரியைக் காட்டும் பழைய தந்திரம் வேறு வகை. அது அப்பட்டமான இலக்கணப் பிழை. தனக்குப் புரியாத வரியை அரைப்புள்ளி வரை தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும் என்று பிரவுசர்களுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. அந்த விதியை நம்பித்தான் அந்தத் தந்திரமே பிறந்தது. மூன்றாவது வகை, கை தவறி விழும் வெறும் எழுத்துப்பிழை. பிரவுசரின் கண்ணுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான்: தெரிந்தால் எடுத்துக்கொள்ளும், தெரியாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிடும். அதனால்தான் மூன்றையும் பிரித்துக் காட்டும் பொறுப்பு எடிட்டரின் தலையில் விழுகிறது. ஒரு எடிட்டரை இந்த விஷயத்தில் நான் அளக்கும் கோல் இதுதான்.

இந்தப் பழைய வரிகள் எல்லாம் இன்னும் எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பது நியாயமே. புதிய வசதிகளை முன்னொட்டு போட்டு வெளியிடும் வழக்கத்தைக் கைவிடுவதாக க்ரோமின் பிளிங்க் குழு 2013-இல் அறிவித்துவிட்டது. ஆனால் அதற்குள் ஐஃபோனை மனத்தில் வைத்து எழுதிய வெப்கிட் வரிகள் வலை முழுவதும் பரவிவிட்டன. 2016-இல் வந்த 49-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ்கூட அவற்றில் பலவற்றைப் புரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. பின்னணியை மங்கலாக்கும் பேக்டிராப்-ஃபில்டரை முன்னொட்டில்லாமல் சஃபாரி ஏற்கத் தொடங்கியது 2024-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான். ஏற்காட்டுக்கு வரும் விருந்தினர்களில் பாதிப்பேர் கையில் அதற்கு முந்தைய சஃபாரி இருக்குமென்றே வைத்துக்கொண்டு நான் எழுதுகிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஏற்காட்டில் தோட்டத்து வீட்டை விருந்தினர்களுக்கு விடும் ஓர் அம்மாளுக்குப் பக்கம் செய்திருந்தேன். ஒவ்வோர் அறைக்கும் ஓர் அட்டை. அட்டையில் படம், அறையைப் பற்றி மூன்று வரி, அதற்குக் கீழே பதிவு செய்யும் பொத்தான். விவரம் எவ்வளவு நீளமானாலும் மூன்றாவது வரியின் முடிவில் மூன்று புள்ளிகளோடு நின்றுவிட வேண்டும். இதற்கு இன்றும் நம்பிக்கையான வழி -வெப்கிட்-லைன்-கிளாம்ப் என்ற பிராப்பர்ட்டிதான். டிஸ்ப்ளேவுக்கு -வெப்கிட்-பாக்ஸ் என்ற மதிப்பையும், -வெப்கிட்-பாக்ஸ்-ஓரியன்ட் என்பதற்கு வெர்ட்டிக்கல் என்ற மதிப்பையும், ஓவர்ஃப்ளோவுக்கு ஹிடன் என்ற மதிப்பையும் கூடவே கொடுத்தால், க்ரோம், சஃபாரி மட்டுமல்லாமல், 2019-இல் வந்த 68-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸும் இதை மதிக்கிறது. வெப்கிட் என்று பெயரில் இருந்தாலும் நடைமுறையில் இது எல்லாருக்கும் பொதுவான சொத்தாகிவிட்டது.

அந்தப் பெயரைச் சரியாக எழுதியபோது விஎஸ் கோட் அதன் கீழே மஞ்சள் நெளிகோடு போட்டது. முன்னொட்டில்லாத லைன்-கிளாம்ப் என்ற தரப் பிராப்பர்ட்டியையும் சேர்த்து எழுதுங்கள் என்பது அதன் பொருள். நான் கோப்பை மறுபடி ஒழுங்குபடுத்தும்போது அந்த வரியைத் திரும்பத் தட்டினேன். லைன் என்ற சொல்லின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகள் என் கையில் இடம் மாறி விழுந்தன. மஞ்சள் கோடு மறைந்துவிட்டது. பிழை என்னுடையது, கோடு மறைந்ததைச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டதும் நான்தான். சோதித்துப் பார்த்தபோது அட்டைகளில் இருந்தவை ஆங்கிலத்தில் இரண்டிரண்டு வரிகள், ஆகவே எந்த வேறுபாடும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து அம்மாள் அறைகளின் விவரத்தைத் தமிழில் தாமே எழுதி ஏற்றினார்கள். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி, விடியற்காலைப் பனி, சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழி என்று ஆசையாக எழுதியது, கைப்பேசியின் குறுகிய திரையில் பதினொரு வரியாக நீண்டுவிட்டது. மறுநாள் காலை போன் வந்தது: "கண்ணு, பெரிய ரூமுக்குக் கீழ புக் பண்ற பட்டனையே காணோமே, நேத்து வரைக்கும் இருந்துச்சே?" "பார்க்கறேங்கம்மா" என்று சொல்லி எடிட்டரைத் திறந்தேன். பொத்தான் இருந்தது; நீண்ட விவரம் அதைத் திரைக்குக் கீழே தள்ளியிருந்தது. நான் தேடிய கோப்பில் ஒரு கோடும் இல்லை, கீழே பிரச்சினைகளைக் காட்டும் பலகையிலும் எதுவும் இல்லை. எழுத்து எழுத்தாகப் படித்துப் பிழையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரமானது.

இது ஏன் இப்படி என்று அன்று மாலை செட்டிங்ஸைத் துருவிப் பார்த்தபோது விளங்கியது. விஎஸ் கோட்டுக்குள்ளேயே வரும் சிஎஸ்எஸ் சோதனையில் இதற்குத் தொடர்பான இரண்டு விதிகள் உள்ளன. முன்னொட்டுள்ள பிராப்பர்ட்டியை எழுதும்போது அதன் தர வடிவத்தையும் எழுதச் சொல்லும் விதி ஒன்று, சிஎஸ்எஸ்.லின்ட்.வெண்டர்பிரீஃபிக்ஸ் என்ற பெயருடைய அது, எடிட்டரை நிறுவிய நாளிலிருந்தே எச்சரிக்கை நிலையில் இருக்கிறது. முன்னொட்டுக்குப் பின்னால் வரும் பெயர் தனக்குத் தெரியாததாக இருந்தால் சொல்லும் விதி மற்றொன்று, சிஎஸ்எஸ்.லின்ட்.அன்னோன்வெண்டர்ஸ்பெசிஃபிக்பிராப்பர்ட்டீஸ் என்ற நீண்ட பெயருடைய அது அணைந்த நிலையில் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சரியாக எழுதிய பெயருக்குத் தர வடிவம் ஒன்று இருப்பதால் முதல் விதி பேசுகிறது. தவறாக எழுதிய பெயருக்குத் தர வடிவம் எதுவும் கிடையாது, ஆகவே முதல் விதி வாயை மூடிக்கொள்கிறது. பேச வேண்டிய இரண்டாவது விதியோ தூங்கிக்கொண்டிருக்கிறது. சரியாக எழுதினால் கோடு, தவறாக எழுதினால் மௌனம் என்ற தலைகீழ் நிலை இப்படித்தான் உண்டாகிறது. நிறத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் வெப்கிட் என்ற முன்னொட்டுக்குப் பின் எந்த எழுத்துகள் வந்தாலும் பிராப்பர்ட்டிக்குரிய நிறத்தையே அது பூசிவிடுகிறது. முன்னொட்டில்லாத ஒரு பிராப்பர்ட்டியில் இதே பிழையைச் செய்திருந்தால் அடுத்த நொடியே தெரியாத பிராப்பர்ட்டி என்று கோடு விழுந்திருக்கும்.

முன்னொட்டுகள் முளைத்துக்கொண்டே இருந்த காலத்தில் இரண்டாவது விதியை அணைத்து வைத்ததற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இன்று அந்தப் பட்டியல் பெரும்பாலும் வளராமல் நின்றுவிட்டது. எடிட்டரிடம் இருக்கும் பிராப்பர்ட்டித் தரவில் நாம் உண்மையில் எழுதக்கூடிய வெப்கிட், மோஸ் பெயர்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே இந்த ஒரு விதியை எச்சரிக்கை நிலைக்கு மாற்றிக்கொள்வதை, சிஎஸ்எஸ் எழுதும் எவருக்கும் முதல் வேலையாகச் சொல்வேன். தரவில் இல்லாத உண்மையான பெயர் ஏதாவது மாட்டிக்கொண்டால், சிஎஸ்எஸ்.லின்ட்.வேலிட்பிராப்பர்ட்டீஸ் என்ற பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டால் போதும். லைன்-கிளாம்ப் விஷயத்தில், மஞ்சள் கோட்டை ஒழிப்பதற்காக வெண்டர்பிரீஃபிக்ஸ் விதியையே அணைத்துவிடுமாறு பலர் அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. அந்த விதி பேக்கிரவுண்ட்-கிளிப், யூசர்-செலக்ட் போன்றவற்றில் உண்மையாகவே உதவுகிறது. முன்னொட்டுள்ள வரிக்குக் கீழே வெறும் லைன்-கிளாம்ப் வரியையும் எழுதிவிடுகிறேன். புரியாத பிரவுசர் அதைத் தள்ளிவிடும், நட்டம் ஒன்றுமில்லை.

இதில் ஓர் எரிச்சல் உண்டு. சிஎஸ்எஸ்ஸுக்குச் செய்த மாற்றம், அதை விரிவாக்கிய மொழிகளில் ஒன்றான எஸ்சிஎஸ்எஸ் கோப்புகளுக்குச் செல்லாது, மற்றொன்றான லெஸ்ஸுக்கும் செல்லாது. மூன்றுக்கும் தனித்தனியே அதே விதிகளை மூன்று முறை எழுத வேண்டும். முதல்முறை இதைக் கவனிக்காமல், எஸ்சிஎஸ்எஸ் கோப்பில் மட்டும் ஏன் கோடு வரவில்லை என்று நெடுநேரம் யோசித்தேன்.

இலக்கணப் பிழையான பழைய தந்திரங்களை இந்த எடிட்டர் நடத்தும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கொலுசுக் கடையின் உள்பயன்பாட்டுக் கையிருப்புப் பக்கத்தை வேறொருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியிருந்தார். அதைத் திருத்தும் வேலை என்னிடம் வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவு 2022 ஜூன் 15-இல் முடிந்துவிட்டது என்றாலும், எட்ஜ் பிரவுசருக்குள் இருக்கும் ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) நிலையில் அந்தப் பக்கத்தைத்தான் கடையில் இன்னும் திறக்கிறார்கள். கோப்பைத் திறக்கும்போது திரை முழுவதும் சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஸூம் என்ற பிராப்பர்ட்டிக்கு முன்னால் ஒட்டிய நட்சத்திரம், ஹைட்டுக்கு முன்னால் ஐஇ 6-க்காக ஒட்டிய அடிக்கோடு ஆகிய இரண்டையும் அது பழைய தந்திரங்கள் என்று அடையாளம் கண்டு கடந்துபோனது. ஃபில்டர் என்பதற்குப் பின் ப்ரோக்ஐடி, முக்காற்புள்ளி, டிஎக்ஸ்இமேஜ்டிரான்ஸ்ஃபார்ம், புள்ளி, மைக்ரோசாஃப்ட், புள்ளி, கிரேடியன்ட் என்று ஒரு சரம் வந்தது. மதிப்புக்குள் முக்காற்புள்ளி இப்படி வருவது சிஎஸ்எஸ்ஸில் வழக்கமில்லை. ஆனால் இந்த எடிட்டரின் பார்சர் (வரிகளைப் பிரித்துப் படிக்கும் பகுதி) ப்ரோக்ஐடி என்ற சொல்லைக் கண்டதும் அதற்கென்றே தனி வழியில் இறங்கி, புள்ளிகளைத் தாண்டி, அடைப்புக்குறிக்குள் சமக்குறி போட்டுக் கொடுத்த நிறங்கள் வரை படித்து முடித்துவிடுகிறது. அடுத்த வரிகள் குழம்பவில்லை. ஒரு வரியில் தடுக்கி விழுந்தால் கோப்பின் மீதி முழுவதையும் தவறாகப் படிக்கிற கருவிகளோடு வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்தத் தந்திரங்களைக் களைய வேண்டிய நாள் வந்தபோது, ஐஇஹாக் என்ற விதியை மட்டும் எச்சரிக்கை நிலைக்கு மாற்றினேன்; நட்சத்திரமும் அடிக்கோடும் போட்ட இடங்கள் எல்லாம் பலகையில் வரிசையாக வந்து நின்றன. படித்தவரை விழிப்போடு படிப்பது, கேட்டபோது மட்டும் சுட்டிக்காட்டுவது என்ற இந்த நடத்தையைத்தான் எல்லா இடத்திலும் எதிர்பார்க்கிறேன்.

மதிப்புகள் விஷயத்தில் அந்த விழிப்பு இல்லை. பிராப்பர்ட்டியின் பெயரைத்தான் விஎஸ் கோட் சரிபார்க்கிறது, அதற்குக் கொடுத்த மதிப்பைச் சரிபார்ப்பதில்லை. ஐஃபோனில் முகவரிப் பட்டை ஏறி இறங்குவதால் திரையின் முழு உயரத்தைக் குறிக்கும் 100விஹெச் பிசகும்போது, -வெப்கிட்-ஃபில்-அவைலபிள் என்ற மதிப்பை இரண்டாவது வரியாக எழுதுவது வழக்கம். அந்த மதிப்பில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டாலும் எந்தக் கோடும் வராது. ஒரே பிராப்பர்ட்டியை இரண்டு முறை எழுதும் இந்த முறைக்குத் தடையாக இரட்டைப் பிராப்பர்ட்டி விதி அணைந்தே வருவது நல்லதுதான். முதல் வரி எல்லாருக்கும், இரண்டாவது புரிந்தவர்களுக்கு என்று அடுக்குவதே இந்தத் தொழிலின் அடிப்படை.

பக்கத்தின் எந்தப் பகுதிக்கு ஒரு விதி பொருந்தும் என்று சொல்லும் செலக்டர்களில் இருக்கும் மௌனம் இதைவிட ஆபத்தானது. உள்ளீட்டுப் பெட்டியில் மங்கலாகத் தெரியும் குறிப்பு எழுத்துக்கு நிறம் கொடுக்க, பழைய பக்கங்களில் நான்கு தனி விதிகள் இருக்கும்: வெப்கிட்டுக்கு ஒன்று, ஃபயர்ஃபாக்ஸின் 19-ஆம் பதிப்பிலிருந்து இரட்டை முக்காற்புள்ளியுடன் ஒன்று, அதற்கு முந்தையதற்கு ஒற்றை முக்காற்புள்ளியுடன் ஒன்று, எம்எஸ் முன்னொட்டுடன் ஒன்று. என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண் ஒரு நாள் இவற்றைப் பார்த்து, "அண்ணா, நாலும் ஒரே மாதிரி இருக்குது, கமா போட்டு ஒண்ணா சேர்த்துட்டேன்" என்றாள். செய்தது முறையான சுத்தம்தான். ஆனால் கமாவால் இணைத்த செலக்டர்களில் ஒன்று பிரவுசருக்குப் புரியாவிட்டாலும் அது முழு விதியையே எறிந்துவிடும். நான்கையும் புரிந்துகொள்ளும் பிரவுசர் எதுவும் இல்லாததால், சேர்த்த நொடியில் எல்லா இடத்திலும் நிறம் போய்விட்டது. நான்காகப் பிரித்து எழுதுவதற்குக் காரணமே அதுதான் என்பதை அவளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. எடிட்டர் இந்த இடத்தில் ஓர் எழுத்தும் சொல்வதில்லை. வெவ்வேறு முன்னொட்டுள்ள போலி உறுப்புகள் (குறிப்பு எழுத்தைப் போல, ஓர் உறுப்பின் பகுதியைச் சுட்டும் செலக்டர்கள்) ஒரே கமாப் பட்டியலில் வந்தால் கோடு போடுவது கடினமான வேலையென்று எனக்குத் தோன்றவில்லை. இந்த ஒரு விதி சேர்ந்தால் எத்தனையோ பேருடைய அரை நாள் மிச்சமாகும்.

பெயரின் மேல் சுட்டியை வைத்தால் வரும் விளக்கப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தப் பிரவுசரில் எந்தப் பதிப்பிலிருந்து கிடைக்கிறது என்ற தகவல், எழுதும் முறை, எம்டிஎன் என்ற வலை ஆவணத் தளத்தின் பக்கத்துக்கு இணைப்பு என்று பயனுள்ளவை அதில் இருக்கின்றன. ஆனால் தர ஆவணத்தில் இல்லாத பிராப்பர்ட்டி என்றால் சிவப்பு விளக்கு படத்தோடு, இது தரமற்றது, பயன்படுத்தாதீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. எதற்குப் பதிலாக எதை எழுதுவது என்பதோ, எந்தக் கருவிக்காக இன்னும் தேவைப்படுகிறது என்பதோ அதில் இல்லை. தரமற்றது என்ற நிலையும் நிலையானதல்ல. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பிறந்த ஸூம் பல ஆண்டுகள் எல்லாராலும் திட்டப்பட்டது. 2024-இல் வந்த 126-ஆம் பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸும் அதை ஏற்றுக்கொண்டது. சுருள்பட்டையை அலங்கரிக்கும் வெப்கிட் போலி உறுப்புகளுக்கு நேர்மாறான கதை: 2024 ஜனவரியில் வந்த க்ரோம் 121-இலிருந்து ஸ்க்ரோல்பார்-கலர், ஸ்க்ரோல்பார்-விட்த் என்ற தரப் பிராப்பர்ட்டிகள் அங்கும் வேலை செய்கின்றன, அவற்றை எழுதினால் பழைய அலங்காரம் செல்லாமல் போகிறது. ஒரே கோப்பில் இரண்டையும் எழுதிவிட்டுக் கொலுசுக் கடையின் வெள்ளி நிறச் சுருள்பட்டை எங்கே போயிற்று என்று தேடியவனுக்கு, அந்த விளக்கப் பெட்டியில் இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் போதும்.

அந்தக் குறையை நாமே நிரப்பிக்கொள்ள விஎஸ் கோட் ஒரு வழி வைத்திருக்கிறது என்பதை மனமாரப் பாராட்டுகிறேன். சிஎஸ்எஸ்.கஸ்டம்டேட்டா என்ற அமைப்பில் ஒரு ஜேசன் கோப்பை (தகவல்களை ஒழுங்காக அடுக்கிய உரைக் கோப்பு) காட்டினால், நம்முடைய பிராப்பர்ட்டிகள், அட்-ரூல்கள், போலி வகுப்புகள், போலி உறுப்புகள் ஆகியவற்றுக்குப் பெயரும் விளக்கமும் எழுதி வைக்கலாம். எழுதிவிட்டால் அவை தானாக முடிக்கும் பட்டியலில் வருகின்றன, சுட்டியை வைத்தால் நம் விளக்கம் தெரிகிறது. நான் விளக்கங்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். பயிற்சிக்கு வருபவர்களில் பலர் நாமக்கல், ஆத்தூர், ஓமலூர்ப் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவர்கள். இந்தப் போலி உறுப்பை மற்ற முன்னொட்டோடு கமாவால் சேர்க்காதே, சேர்த்தால் முழு விதியும் போய்விடும் என்று அவர்கள் மொழியில் அந்த இடத்திலேயே தெரிவது, எம்டிஎன் பக்கத்துக்கு அனுப்புவதைவிட நன்றாக வேலை செய்கிறது.

முன்னொட்டுள்ள வரிகளைக் கையால் பராமரிப்பவர்களுக்கு எடிட்டருக்குள்ளேயே இருக்கும் எமெட் என்ற எழுத்து உதவிக் கருவி வழியாக வரும் ஒரு சிறிய உதவியையும் குறிப்பிட வேண்டும். ஒரே பிராப்பர்ட்டி மூன்று முன்னொட்டுகளோடு மூன்று வரிகளில் இருக்கிறது. ஒன்றில் மதிப்பை மாற்றிவிட்டு மற்றவற்றை மறப்பதுதான் வழக்கமான பிழை. ரிஃப்ளெக்ட் சிஎஸ்எஸ் வேல்யூ என்ற கட்டளையைக் கொடுத்தால் நாம் நிற்கும் வரியின் மதிப்பு மற்ற வரிகளுக்கும் போய்விடும். இதற்கு இயல்பாக ஒரு விசைச் சேர்க்கை கிடையாது. நாமே ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் முன்னொட்டுகளைத் தானாகச் சேர்க்கும் ஆட்டோபிரீஃபிக்ஸரைப் பயன்படுத்துபவராக இருந்தால் கையால் முன்னொட்டு எழுதும் தேவையே குறைவு, அதுதான் நல்ல வழியும்கூட. அதன் பழைய பதிப்புகள் -வெப்கிட்-பாக்ஸ்-ஓரியன்ட் வரியைக் காலாவதியானது என்று நினைத்து நீக்கிவிடுவதால், பழைய கட்டமைப்புள்ள திட்டங்களில் லைன்-கிளாம்ப் வேலை செய்யாவிட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

மற்ற எடிட்டர்களையும் இதே கோப்புகளோடு திறந்து பார்த்தேன். நோட்பேட்++ நிறம் மட்டுமே காட்டும். ஆனால் அதன் அடியிலிருக்கும் சின்டில்லா என்ற எழுத்துப் பகுதியில் பிரவுசருக்கென்றே உரிய பிராப்பர்ட்டிகளுக்குத் தனிச் சொற்பட்டியல் இருப்பது, விஷயம் தெரிந்தவர் செய்த வேலை என்று காட்டுகிறது. சப்ளைம் டெக்ஸ்டும் தானாக எதையும் சரிபார்ப்பதில்லை. படிப்பதற்கு மிக அமைதியான திரை, அவ்வளவுதான். வெப்ஸ்டார்ம் இந்த விஷயத்தில் மற்றவற்றைவிட ஒரு படி மேலே நிற்கிறது: மதிப்புகளையும் சரிபார்க்கிறது, அதோடு ஒரு குறிப்பிட்ட வரிக்கு மேலே நோஇன்ஸ்பெக்ஷன் என்று கருத்துரை எழுதினால் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுகிறது. விஎஸ் கோட்டின் உள்சோதனையில் நான் மிகவும் ஏங்குவது இந்த ஒன்றுக்குத்தான். அங்கே ஒரு விதியைத் திட்டம் முழுவதற்கும் அணைக்கலாமே தவிர, இந்த வரியை நான் தெரிந்தே எழுதினேன் என்று அந்த வரியின் பக்கத்தில் சொல்ல இடமில்லை. வெப்ஸ்டார்ம் 2024 அக்டோபரிலிருந்து வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். என்னைப் போல் காசு வாங்கி வேலை செய்பவர்கள் உரிமம் வாங்க வேண்டும். சிஎஸ்எஸ் சரிபார்க்கும் தனிக் கருவியான ஸ்டைல்லின்ட்டை எக்ஸ்டென்ஷனாகச் சேர்த்தால் வரிக்கு வரி அணைக்கும் வசதி விஎஸ் கோட்டிலும் கிடைத்துவிடும், ஆனால் அதன் ஸ்டாண்டர்டு விதித்தொகுப்பு முன்னொட்டுகளையே குற்றமாகப் பார்க்கிறது. தானாகத் திருத்தும் வசதியோடு அதை ஓடவிட்டால், சஃபாரிக்குத் தேவையான -வெப்கிட்-யூசர்-செலக்ட் போன்ற வரிகள் நாம் சேமிக்கும்போதே காணாமல் போகலாம். அந்த விதியை முதலில் அணைத்துவிட்டுச் சேருங்கள்.

விலையில்லாமல் கிடைக்கும் ஒரு கருவி பழைய தந்திரங்களை இவ்வளவு பொறுமையாகப் படிப்பதையும், தன் அகராதியை நாமே நிரப்ப விடுவதையும் நான் பெரிதாக மதிக்கிறேன். நிறுவிய கையோடு அப்படியே பயன்படுத்துவதை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். மேலே சொன்ன விதி மாற்றங்களையும் தமிழ் விளக்கங்களுள்ள ஜேசன் கோப்பையும் ஒவ்வொரு திட்டத்தின் .விஎஸ்கோட் கோப்புறைக்குள்ளேயே வைத்து, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவு செய்து பகிரும் கிட்டில் சேர்த்துவிட்டேன். யார் கணினியில் திறந்தாலும் அதே கோடுகள்தான் தெரியும். போன வாரம் ஏற்காட்டுப் பக்கத்தின் கோப்பை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, லைன்-கிளாம்ப் வரியில் வேண்டுமென்றே இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி எழுதச் சொன்னேன். கடைசி எழுத்தை அடித்து நிறுத்திய உடனே கோடு விழுந்தது.